மடக்குக் கத்தி மக்கர் பண்ணினால்: பழம் நறுக்கும் கத்திக்கு அறிகுறிவாரியாக வைத்தியம்

வட சென்னையில் டோல்கேட் பக்கம் என் ஹார்டுவேர் கடை. ஆணி, கொண்டி, பூட்டு கேட்டு வருகிறவர்கள், போகிற போக்கில் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து நீட்டுவார்கள். "அண்ணா, இது வேலைக்காவல, பழம் நறுக்குற மாதிரி வேற நல்லதா ஒண்ணு குடுங்க." வாங்கிப் பார்த்தால் பல கத்திகளுக்குக் கழுவித் துடைத்துக் கல்லில் தேய்த்தாலே போதும். சிலது மட்டும் பிறவியிலேயே பழத்துக்கு ஆகாதது. அதை எத்தனை நாள் தீட்டினாலும் கொய்யாக்காயைப் பிளக்குமே தவிர நறுக்காது. எது எந்த வகை என்று பார்க்காமல் புதுசு வாங்கினால், பழைய குறையே புது விலையில் வீட்டுக்கு வரும்.

உங்கள் கத்தியில் தெரிகிற குறைக்கான தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில், செலவு வைக்கிற வேலை கடைசியில். முதல் படியிலேயே சரியாகிவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: தோலில் வழுக்குகிறது, அழுத்தினால்தான் இறங்குகிறது

பங்கனபள்ளித் தோல், தக்காளித் தோல், திராட்சை. இந்த மூன்றிலும் வாய் பிடிக்காமல் நழுவினால் கத்தி மொக்கையாகிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனாலும் முதலில் கழுவுங்கள். காய்ந்த பழச்சாறு வாயோரம் ஒட்டிக்கொண்டு கூர் இருக்கிற கத்தியையே வழுக்க வைக்கும். வெந்நீர், சோப்பு, பழைய டூத்பிரஷ் போதும்.

கழுவியும் வழுக்கினால், வெளிச்சச் சோதனை. கத்தியின் வாய் மேலே பார்க்க, போன் டார்ச்சுக்குக் கீழே பிடியுங்கள். கூர்மையான வாய் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது, வெறும் கறுப்பாகத் தெரியும். நீளவாக்கில் வெள்ளிக் கோடு மின்னினால் அந்த இடம் முழுக்க மழுங்கியிருக்கிறது. புள்ளி புள்ளியாக மின்னினால் அங்கங்கே சிதைந்திருக்கிறது.

வெள்ளிக் கோடு இல்லை, ஆனாலும் சரியாக நறுக்கவில்லை என்றால், பிசிறு, அதாவது தீட்டும்போது வாயோரம் ஒரு பக்கமாக மடிந்து நிற்கிற மெல்லிய இரும்பு விளிம்பு. கொஞ்சம் பஞ்சை எடுத்து அலகின் பக்கவாட்டில் முதுகிலிருந்து வாயை நோக்கித் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் நூல் மாட்டினால், முன்பு தீட்டியவர் பிசிறை எடுக்காமல் விட்டிருக்கிறார். பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்திலோ, மடித்த செய்தித்தாள் மேலோ, வாய் பின்னால் வருகிற மாதிரி இழுங்கள். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போதும், செலவும் கிடையாது.

மழுங்கல் லேசாக இருந்தால், பீங்கான் கப். கப்பைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் ஒரு பக்கம், மறுபக்கம் என்று மாற்றி மாற்றி மெதுவாக இழுங்கள். ஒரு வாரத்துக்கு ஓடும்.

அதுவும் எடுபடவில்லை என்றால், கல். சொரசொரப்பு ஒரு பக்கம், நைஸ் ஒரு பக்கம் இருக்கிற கார்போரண்டம் கல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இந்தக் கல்லைத் தேடி நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் ஆலை நம்ம திருவொற்றியூரிலேயே இருக்கிறது. கல்லை ஈரத்துணி மேல் வையுங்கள், நகரக் கூடாது. தண்ணீர் விட்டே தேய்க்கலாம். எண்ணெய் விட்டுப் பழகிய கல்லானால் எண்ணெயிலேயே தொடருங்கள், இரண்டையும் கலந்தால் கல் அடைத்துக்கொள்ளும்.

சாய்வுதான் எல்லாருக்கும் குழப்பம். பழம் நறுக்க, அலகின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 15 டிகிரி அளவு நல்லது. இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கிக் கல்லின் மேல் வைத்து, கத்தியின் முதுகை அதன் மேல் சாய்த்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்குக் குறைவான சாதாரண மடக்குக் கத்திக்கு அந்தச் சாய்வோ, அதற்கு இம்மி மேலோ சரி. நாணயத்தை எடுத்துவிட்டு அதே சாய்வில் கை நிற்கட்டும். கல்லின் சொரசொரப்புப் பக்கத்தில் கத்தியின் ஒரு பக்கத்தை மட்டும், கத்தியின் மறுபக்கத்தில் பிசிறு நீளவாக்கில் முழுக்க எழும்வரை தேயுங்கள். பிசிறு வராமல் பக்கம் மாற்றாதீர்கள். வீட்டில் தீட்டுகிறவர்கள் "எவ்வளவு தேய்ச்சும் வரலை" என்று கொண்டுவரும் கத்திகளில் நான் பார்க்கிற குறை இந்த அவசரம்தான். பிறகு மறுபக்கம் அதே மாதிரி. அப்புறம் நைஸ் பக்கத்தில் கையை லேசாக்கி மாற்றி மாற்றி, கடைசியில் பெல்ட். விரலில் தடவிப் பார்க்க வேண்டாம், தக்காளியில் பாருங்கள். அழுத்தாமல் கத்தியின் எடைக்கே தோல் திறக்க வேண்டும்.

சாணைக்காரரிடம் எப்போது போவது: வாயில் கண்ணுக்குத் தெரிகிற பள்ளம் விழுந்திருந்தால், அல்லது அலகு வளைந்திருந்தால். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். காய்ந்த சக்கரத்தில் தொடர்ந்து பிடித்தால் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். சாதா இரும்பில் வாயோரம் நீல நிறம் படர்ந்தால் சூடு சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அங்கே பதம், அதாவது இரும்புக்கு ஏற்றிய கடினம், போயிற்று. அந்த நீலம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை கூர் நிற்காது.

தீட்டிய நாலாம் நாளே மழுங்கினால், கத்தியைக் குறை சொல்லும் முன் எதன் மேல் நறுக்குகிறீர்கள் என்று பாருங்கள். எவர்சில்வர் தட்டிலேயே ஆப்பிளை வைத்து நறுக்குகிற வழக்கம் நம் வீடுகளில் விடமாட்டேன் என்கிறது. கண்ணாடித் தட்டு, கடப்பா மேடை எல்லாம் அதே கதி. மரப்பலகைக்கு மாறுங்கள். பலகையிலும் நிற்கவில்லை என்றால் இரும்பு மட்டமானது. அதற்கு மருந்தில்லை.

## அறிகுறி 2: தக்காளியை நறுக்குகிறது, ஆப்பிளையும் கொய்யாவையும் பிளக்கிறது

கத்தி பாதி இறங்கியதும் "டக்" என்று சத்தம், மீதிப் பாதி தானாக விரிசல் விடுகிறது. துண்டு ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் சிலும்பல். இது கூர்க் குறை இல்லை, தடிமன் குறை. பழக்கத்தி வாங்கப் போகிறவர்கள் இரும்பின் பெயரைக் கேட்கிறார்கள், பிராண்டைக் கேட்கிறார்கள். வாய்க்குப் பின்னால் எவ்வளவு தடிமன் என்று கேட்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் பழத்துக்கு அது ஒன்றுதான் முதல் கேள்வி.

முதுகுச் சோதனை. பத்து ரூபாய் நாணயத்தின் தடிமன் ஒன்றே முக்கால் மி.மீ. சொச்சம். கத்தியின் முதுகோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். நாணயத்தளவோ, அதைவிட மெல்லியதோ என்றால் பிரச்சினை முதுகில் இல்லை. சற்றுக் கூட இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு நாணயத் தடிமன் வந்தால் அது பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க ஆன கத்தி.

வாய்ச் சோதனை. இதுதான் முக்கியம். வாயிலிருந்து ஒரு நூல் உயரம், அதாவது மூணு மி.மீ. மேலே, அலகின் தடிமனைப் பாருங்கள். ஏ.டி.எம். கார்டு முக்கால் மி.மீ. இருக்கும். அந்த இடம் கார்டைவிடத் தெளிவாக மெலிந்து இருந்தால் நல்லது. கார்டளவே இருந்தால் ஆப்பிள் பிளக்கும்.

முதுகு மெலிசு, வாயோரம் மட்டும் தடிமன் என்றால் பிழைக்கும். பல தடவை தீட்டித் தீட்டி வாய் மேலேறிய கத்திகள் இப்படித்தான் ஆகும். கல்லின் சொரசொரப்புப் பக்கத்தில் அலகைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, வாய்க்கு மேலே உள்ள தோள்பட்டையைத் தேய்த்து இறக்குங்கள். ஒரு சாயந்திரம் ஆகும், பளபளப்பு போகும். பிறகு அறிகுறி 1-ல் சொன்ன சாய்வில் வாய் போடுங்கள். மாத்திரை அட்டை கிழிக்கிற கத்தி மாதிரி இருந்தது பழக்கத்தியாக மாறிவிடும்.

முதுகும் தடிமன், வாயும் தடிமன் என்றால் தேய்க்காதீர்கள். சாணைக்காரரிடம் கொடுத்து மெலிய வைத்தாலும் கூலியும் பதமும் வீண். அதைப் பார்சல் பிரிக்க வைத்துக்கொண்டு, பழத்துக்கு வேறு வாங்குங்கள்.

### வாங்கத்தான் வேண்டும் என்றானால்

அலகு நீளம் ஏழு முதல் ஒன்பது செ.மீ. ஆப்பிள், கொய்யா, சப்போட்டா, மாம்பழக் கன்னம் எல்லாம் அதில் அடங்கும். பப்பாளியும் தர்பூசணியும் மடக்குக் கத்தி வேலை இல்லை, அதற்கு வீட்டில் பெரிய கத்தி இருக்கட்டும். அலகு முதுகிலிருந்து வாய்வரை ஒரே சரிவாக மெலிய வேண்டும். பாதி உயரம்வரை தடிமனாக வந்து அங்கிருந்து திடீரென்று சரிகிற அலகு பார்க்க மிடுக்காக இருக்கும், ஆப்பிளில் அந்தத் திருப்பத்தில்தான் "டக்" வரும். பாதி வாய் ரம்பம் வேண்டாம், வீட்டில் தீட்டவே முடியாது. கறுப்புப் பூச்சும் வேண்டாம், உரியும். பட்டனைத் தட்டினால் பாய்கிற வகையைப் பழத்துக்கு என்று சொல்லி யாரும் வாங்க வேண்டாம், வழியில் சோதனை போட்டால் பதில் சொல்லிக் கட்டுப்படியாகாது.

கையில் பார்த்து வாங்க பர்மா பஜாரும் ஈவ்னிங் பஜார் பக்கமும் போதும். பெயர் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு: பிரான்ஸின் ஒப்பினெல் கத்தி 1890-லிருந்து வருவது. மரக் கைப்பிடி, மெல்லிய அலகு, 8-ஆம் நம்பர் என்றால் எட்டரை செ.மீ. அலகு. ஆப்பிளில் அது இறங்குகிற விதம் பிடித்துப்போகும். அதிலேயே 'இனாக்ஸ்' என்று பொறித்தது துருப்பிடிக்காத வகை, 'கார்பன்' என்று பொறித்தது சாதா இரும்பு. கடலோரத்துக்கு எது என்று அடுத்த அறிகுறியில் சொல்கிறேன். சுவிஸ் விக்டோரினாக்ஸின் பல கருவிக் கத்தியில் உள்ள பெரிய அலகும் பழத்துக்குப் போதும், கழுவுவதுதான் கஷ்டம், சந்து சந்தாகச் சாறு போய் உட்காரும்.

இன்னொன்று, கடைக்காரன் சொல்லக் கூடாதது: மடக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்றால் மடக்காத சின்னக் கத்தி, மேலே பிளாஸ்டிக் உறையோடு வாங்குங்கள். விலை குறைவு, கீல் இல்லை, கழுவுவது சுலபம். தள்ளுவண்டியில் அன்னாசி சீவுகிறவர் கையில் இருப்பதைப் பாருங்கள், எவ்வளவு மெல்லிய தகடு என்று.

## அறிகுறி 3: கத்தி கறுக்கிறது, பழத்தில் இரும்பு வாசனை, துரு

நிறத்தைப் பார்த்துப் பிரியுங்கள்.

சாம்பல், நீலம், கறுப்பு என்றால் சாதா இரும்பும் பழப்புளிப்பும் சேர்ந்த கறை. கெடுதல் இல்லை. மாங்காய், எலுமிச்சை நறுக்கிய சில நிமிடத்திலேயே படியும். கறை முழுக்கப் படிந்த பிறகு பழத்தில் வாசனையும் குறையும். தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். விட்டுவிடுங்கள்.

ஆரஞ்சு, செம்பழுப்பு என்றால் துரு. லேசானதைச் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும். போகாததை நைஸ் எமரி ஷீட்டில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். நகத்தில் தட்டுப்படுகிற குழி விழுந்துவிட்டால், குழி வாயைத் தொடும் இடத்தில் கூர் நிற்காது. வாயிலிருந்து குழி விலகியிருந்தால் பயன்படுத்தலாம், தொட்டிருந்தால் சாணைக்காரர் வாயை அந்த அளவுக்கு இறக்கித் தர வேண்டும்.

'ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், இதுவும் துரு பிடிக்கிறதே' என்றால் அது நம் ஊர்க் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே தாங்கவில்லை. கத்திக்கான ஸ்டெயின்லெஸில் கூருக்காகக் கார்பன் கூடுதல், அதனால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் துருவைத் தாங்காது. மாங்காய்ப் பத்தைக்கு உப்பு மிளகாய்த்தூள் தூவிவிட்டு அதே கத்தியைக் கழுவாமல் மடக்கி வைத்தால் புளிப்பும் உப்பும் சேர்ந்து ராத்திரியிலேயே புள்ளி போடும். கழுவி, துடைத்து, திறந்தபடியே காயவிட்டு, பிறகு மடக்குங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காந்தச் சோதனையை நம்ப வேண்டாம். "காந்தம் ஒட்டுது, அப்ப இது ஸ்டெயின்லெஸ் இல்ல" என்று திருப்பிக் கொடுக்க வருகிறார்கள். பதம் ஏற்றிய ஸ்டெயின்லெஸ் கத்தியில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். ஒட்டவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும், அது தட்டு செய்கிற தகடாக இருக்கலாம்.

தினமும் துடைத்து வைக்கிற பழக்கம் உள்ளவருக்குச் சாதா இரும்பு அருமை, சட்டென்று கூர் ஏறும். மற்றவர்கள் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் இருந்துகொண்டு அதை வாங்க வேண்டாம்.

## அறிகுறி 4: திறக்க வரவில்லை, பாதியில் நிற்கிறது

பிசுபிசுப்பாக நின்றால் கீலில் பழச்சாறு. சர்க்கரைதான், கரையும். வெந்நீரில் சோப்புப் போட்டு, திறந்த நிலையில் அலகும் கீலும் மூழ்க ஊறவையுங்கள். தண்ணீருக்குள்ளேயே மெல்லத் திறந்து மூடுங்கள். உலர்ந்ததும் கீலில் ஒரு சொட்டு எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாக அதுவே பிசினாகும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற லிக்விட் பாரஃபின் வாங்குங்கள். நறுக்குகிற பழத்தில் பட்டாலும் பயமில்லை, கெட்டுப்போகிற வாடையும் வராது.

மரக் கைப்பிடி, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் இறுகுகிறது என்றால் மரம் ஊறிப் பருத்திருக்கிறது. ஊறவைத்துக் கழுவும் மேலே சொன்ன வைத்தியம் இதற்கு ஆகவே ஆகாது. கைப்பிடித் தலையில் சுழல்கிற பூட்டு வளையம் இருந்தால் அது திறந்திருக்கிறதா என்று பார்த்து, கைப்பிடியின் பின்னந்தலையை மேசை விளிம்பில் தட்டுங்கள், அலகு விரல் பிடிக்கிற அளவு வெளியே வரும். நிழலில் காற்றாடவிட்டால் இரண்டொரு நாளில் தானே இளகும். அடுப்புப் பக்கம், வெயில் இரண்டும் கூடாது, வெடிக்கும். வருஷா வருஷம் இதே தொல்லை என்றால் அலகு உட்காரும் பள்ளத்தின் உட்சுவரை எமரி ஷீட்டால் லேசாக இழையுங்கள்.

கரகரவென்று நின்றால் கீலில் துரு அல்லது மணல். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்துக் கழுவுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கட்டிங் பிளேயரால் அலகை இழுக்காதீர்கள். திருகு உள்ள கத்தியானால் கழற்றிச் சுத்தம் செய்யலாம், ரிவெட் அடித்ததானால் பழகிய கையிடம் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி 5: அலகு ஆடுகிறது, பூட்டு நிற்கவில்லை

பக்கவாட்டில் லேசாக ஆடி, கீலில் திருகு இருந்தால், சின்ன நட்சத்திர டிரைவரால் கால் சுற்று முடுக்குங்கள். ரிவெட்டானால் சாணைக்காரரோ கொல்லரோ தலையைத் தட்டி இறுக்குவார். நீங்களே சுத்தியலை எடுத்தால் ஒன்று இறுகிப் போகும், ஒன்று கைப்பிடி விரியும்.

பூட்டுள்ள கத்தியைத் திறந்து பூட்டி, விரல்களை அலகின் வழியிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகைப் பலகையில் லேசாக அழுத்திப் பாருங்கள். மடங்கினால் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள், சில நேரம் தூசிதான் பூட்டை உட்காரவிடாது. சுத்தம் செய்த பிறகும் மடங்கினால் அந்தக் கத்தியின் காலம் முடிந்தது. அதைப் பழுது பார்க்கச் சொல்லி யாரிடமும் கொடுக்க வேண்டாம், வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். சில கத்திகளில் பூட்டே கிடையாது, வில்லின் இழுவையில்தான் நிற்கும். அது குறை இல்லை. ஆனால் கத்தியின் முதுகில் விசை போகிற வேலைக்கு, உதாரணமாக மாங்கொட்டையைக் குத்தித் திருகுவதற்கு, அதை எடுக்காதீர்கள்.

## அறிகுறி 6: பால், பிசின் ஒட்டிக்கொண்டு போகவில்லை

பலாவுக்கும் பச்சை மாங்காய்க்கும் நறுக்கும் முன்பே அலகில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஒட்டிவிட்டால் மறுபடி எண்ணெய் தடவி, துணியால் துடைத்து, அப்புறம்தான் சோப்பு. தண்ணீர் முதலில் பட்டால் பிசின் இன்னும் இறுகும். பெட்ரோல், தின்னர் வேண்டாம். சாப்பிடுகிற பொருள்.

## அறிகுறி 7: நுனி உடைந்தது

டப்பா மூடி நெம்பியது, திருகு கழற்றியது, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். நீங்களே வாயைத் தேய்த்து நுனி கொண்டுவரப் பார்க்காதீர்கள், வாயின் வளைவு கெடும். முதுகுப் பக்கத்தைத்தான் சரிவாக இறக்க வேண்டும், அது சாணைக்காரருக்கு ஐந்து நிமிட வேலை. அரை செ.மீ.க்குள் உடைந்திருந்தால் செய்யலாம். பழம் நறுக்க நுனி அவ்வளவாகத் தேவைப்படாது என்பதால் மொட்டையாகவே வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

## அறிகுறி 8: கத்தி கையை வெட்டிவிட்டது

சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டால் கழுவிக் கட்டுப் போடுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வேண்டாம்.

நிற்கவில்லை என்றால் கிளம்புங்கள். ரத்தம் நின்றுவிட்டாலும் விரலை மடக்கவோ நீட்டவோ வரவில்லை, அல்லது வெட்டுக்கு அப்பால் விரல் நுனி மரத்துப் போயிருக்கிறது என்றால் அதுவும் கிளம்ப வேண்டிய கேஸ்தான். நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம், தையல் மட்டும் போட்டால் விரல் பழையபடி வராது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைசிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, வெளியூரிலிருந்தும் அங்கே வருகிறார்கள். அது இருக்கிற பழைய ஜெயில் ரோடு நமக்கு எட்டுகிற தூரம்தான். அன்றைக்கே போங்கள், கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.